கடல் பார்க்கும் கண்ணில் சந்தனம்

கடலிலிருந்து காற்றுக்கு எவ்வளவு வெப்பம் போகிறது என்று அளக்கும் கருவிகள் செய்வது என் பிழைப்பு. இருபது வருடமாயிற்று. கடல் அலுக்கவில்லை, எனக்கு நானே அலுத்துவிட்டேன்.

கடைசியாகச் செய்த கருவி, படகிலிருந்து குனிந்து பார்த்தே நீரின் மேல்தோலில் எவ்வளவு சூடு என்று சொல்லிவிடும். அதன் கண்ணாடி என் பொறுப்பு. மின்சுற்று, கரமனையில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் சக ஊழியருடையது. அந்த அம்மாளின் நான்கு வருட உழைப்பு. சோதனையில் கருவி பகலெல்லாம் அரை டிகிரி கூடுதலாகக் காட்டியது.

"சர்க்யூட்லதான் கோளாறு," என்று அடித்துச் சொன்னேன். என் கண்ணாடியில் தப்பு வருமா? அப்படியொரு திமிர். அவர் மூன்று முறை பிரித்துச் செய்தார். அரை டிகிரி அசையவில்லை. நான் அறிக்கை எழுதினேன். அவரை வேறு பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள்.

போன வாரம் கருவியைக் கவிழ்த்துத் துடைக்கப் போனேன். கண்ணாடியில் பாதிக்கு மேல் மெல்லிய பழுப்புப் படலம். முகர்ந்தேன். சந்தனம்!

ஆயுத பூஜையன்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஸ்க்ரூடிரைவர் முதல் கடைசல் இயந்திரம் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. "கண்ணாடியில வச்சுடாதேங்கோ" என்று எல்லாரையும் அதட்டிவிட்டு, சோதனைக்கு முந்தைய பூஜையில் இந்தக் கருவிக்கு மட்டும் விளிம்பில் நானே வைத்தேன். நீர்க்கக் கரைத்த சந்தனம் வழிந்து காய்ந்திருக்கிறது. முகம் கீழே இருப்பதால் மழையும் கழுவவில்லை. வெயிலில் கருவியோடு சேர்ந்து சூடேறிய படலம் தன் சூட்டையும் கடல் கணக்கில் சேர்த்திருக்கிறது. வேறு யாராவது பார்த்திருக்கலாமே என்றால், என்னைத் தவிர யாரும் கண்ணாடியைத் தொடக்கூடாது என்பது என் உத்தரவு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

துடைத்து, அவருடைய பழைய மின்சுற்றையே மாட்டினேன். அரை டிகிரி போய்விட்டது.

மறுநாள் அவர் பிரிவுக்குப் போய்ச் சொன்னேன். அறிக்கையைத் திருத்தி எழுதுகிறேன், திரும்ப வாருங்கள் என்றேன்.

"விஷமிக்காதேங்கோ சார், யாருக்கும் பத்தும்," என்றார். வருத்தப்படாதீர்கள், யாருக்கும் நேரக்கூடியதுதான் என்பதற்கு எங்கள் கரமனைப் பேச்சு. பிறகு, "அப்போ முதல்ல பண்ணினதே சரியாத்தான் இருந்துதா?"

"சரியாத்தான் இருந்துது."

"எனக்கும் அப்படித்தான் தோணித்து. நீங்க அத்தனை உறப்பா அடிச்சுச் சொன்னதுல, என் கைமேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுத்து. இப்போ ஆத்துல பல்பு மாட்டினாக்கூட ரெண்டு தரம் பார்க்கறேன்."

அதைத் துடைக்க என்னிடம் துணி இல்லை.