குளவியில்லாத ஓட்டம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மனுஷர் ஓடுவதற்கு இரண்டே காரணங்கள்தான் உண்டு. ஒன்று, காலையில் டயகமவிலிருந்து கிளம்பும் பஸ். இன்னொன்று, குளவி. இந்த இரண்டும் இல்லாமல் ஒரு பெண்பிள்ளை ரோட்டில் ஓடினால், அவள் யாரோடோ ஓடிப்போகிறாள் என்றுதான் நினைப்பார்கள். புதிதாக ஒரு காரணத்தைக் கொண்டுவந்து சேர்த்தவள் நான். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

அப்போது நான் கேம்பஸில் இரண்டாம் வருஷம். விடுதியில் எங்களுக்குள் ஒரு பைத்தியக்காரப் போட்டி இருந்தது. யார் குறைவாகத் தூங்குகிறாள் என்பதுதான் போட்டி. "நான் மூணு மணித்தியாலம்" என்று ஒருத்தி சொன்னால் "நான் ரெண்டுதான்" என்று நான் முந்திக்கொள்வேன். எங்கள் லயத்திலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து, கேம்பஸ் போன முதல் ஆள் நான். அம்மா மழையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்க, நான் போர்த்திக்கொண்டு தூங்கினால் அது துரோகம் என்று ஒரு நினைப்பு. காலைக்கு பிளேன்டீ, மத்தியானத்துக்கு பிஸ்கட், ராத்திரிக்கு மறுபடி பிளேன்டீ. இந்த லட்சணத்தில் என்னை நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன். கடைசியில் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. புள்ளிவிபரவியல் பரீட்சை மண்டபத்தில், மேசைமேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டேன். மயக்கமில்லை, காய்ச்சலில்லை, அப்பட்டமான தூக்கம். மேற்பார்வைக்கு வந்த மிஸ் தோளைத் தட்டி எழுப்பியபோது இருபது நிமிஷம்தான் பாக்கி. விடைத்தாளில் என் எச்சில் காய்ந்து ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு வேடிக்கையைப் பாருங்கள், படுத்தாலும் தூக்கம் வரவில்லை! கேம்பஸ் டொக்டரிடம் மாத்திரை கேட்டுப் போனேன். பெரிய கண்ணாடி போட்ட சிங்கள அம்மா அவர். நேற்று என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியாக உனக்கு எப்போது வேர்த்தது என்று கேட்டார். யோசித்து யோசித்துப் பார்த்தேன், பதில் வரவில்லை. மாத்திரையைப் பிறகு பார்ப்போம், லீவுக்கு வீட்டுக்குப் போய் வேளைக்குச் சாப்பிடு, தினமும் அரை மணித்தியாலம் ஓடு, ஒன்பது மணிக்குப் படு என்று அனுப்பிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! இதைச் சொல்ல ஒரு டொக்டரா? ஆனால் ஆறு வாரத்தில் ரிப்பீட் பரீட்சை. அதிலும் கோட்டை விட்டால் ஒரு வருஷம் பின்னுக்குப் போய், எனக்குப் பிறகு வந்த பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அதைவிடப் பயம், அம்மாவிடம் சொல்ல வேண்டும். தூங்கிய விஷயத்தை அவளிடம் மூச்சுக்கூட விட்டிருக்கவில்லை.

அறைத்தோழி ஓடப் போடும் பழைய சப்பாத்தை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். ஒரு சைஸ் பெரிது. முனையில் கிழிந்த காலுறையைத் திணித்துச் சரிப்படுத்தினேன். விடியக்காலையில் ரோட்டில் புலி நடமாட்டம் இருந்ததால் அம்மா விடவில்லை. சிறுத்தையை நாங்கள் புலி என்றுதான் சொல்வோம். "ஆளுங்க எல்லாம் மலைக்குப் போனதுக்கு அப்புறமா போ. மெதுவா நடந்துட்டு வா" என்றாள். நடந்துட்டு வா என்றுதான் சொன்னாள். ஓடப் போகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

முதல் நாள் பனி விலகி வெயில் இறங்கிய நேரம். அஞ்சாம் நம்பர் மலைக்கு மேலே வளைந்து வளைந்து போகும் ரோட்டில் ஓட ஆரம்பித்தேன். முதல் வளைவில் நெஞ்சு எரிந்தது. இரண்டாவது வளைவில் செத்தேன் என்று நினைத்தேன். மூன்றாவது வளைவில், அடி ஆத்தி, என்ன சொல்ல! உடம்பு தானாக ஓடியது. காதில் காற்று, கழுத்தில் வேர்வை. வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே ஓடினேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்குக் கையும் காலும் இருப்பது ஞாபகம் வந்தது.

கீழே சரிவில் இருபது பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அதில் ஒருத்தி. யாரோ ஒருவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

"குளவீ!"

அவ்வளவுதான். கூடைகள் உருண்டன. எல்லாரும் இடுப்பில் கட்டியிருந்த படங்கை, அந்தத் தடித்த துணியை, உருவித் தலைமேல் போட்டுக்கொண்டு கீழே கீழே ஓடித் தேயிலைக்குள் புகுந்தார்கள். வேலை வாங்கும் கங்காணி தன்னுடைய பெரிய கறுப்புக் குடையை விரித்து அதற்குள்ளேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டார். மேலேயிருந்து இதைப் பார்த்த நான் என்ன செய்தேன் தெரியுமா? ஐயய்யோ, குளவி வந்துவிட்டது, அதுதான் ஓடுகிறார்கள் என்று நினைத்து, "குளவி! குளவி!" என்று கத்திக்கொண்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

எல்லாரும் கீழே ஓட, ஒருத்தி மட்டும் மேலே ஏறி வந்தாள். வேலியைத் தாண்டி ரோட்டில் குதித்து, என் தலையில் படங்கைப் போட்டு, ஒரே தள்ளாக ரோட்டோரக் கானுக்குள் தள்ளி, என்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். கானில் கணுக்கால் அளவு தண்ணீர். மேலே அம்மாவின் கனம். படங்கில் தேயிலைக் கறையின் வாசம்.

"அசையாத! மூச்சு விடாத!"

காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தோம். ரீங்காரம் எதுவும் கேட்கவில்லை.

"அம்மா, குளவி எங்க?"

"நீதானடி கத்துன?"

"நீங்க எல்லாம் ஓடுனீங்க, அதான் கத்துனேன்."

"நீ ஓடுனதாலதான்டி நாங்க ஓடுனோம்!" படங்கை விலக்கி என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப நீ எதுக்குடி ஓடுன?"

"சும்மா" என்றேன்.

அந்த நிமிஷத்தில் அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கங்காணி குடையை மடக்கிக்கொண்டு ஏறி வந்தார். "சும்மாவா? ஏன் புள்ள, கேம்பஸ்ல இதத்தான் படிச்சுக் குடுக்கிறாங்களா?" கொட்டிய கொழுந்தை அள்ளிக்கொண்டே சிலர் சிரித்தார்கள், சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நானும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டுதான் நின்றேன், லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடான பக்கத்துக் காம்பரா அக்காவைப் பார்க்கும்வரை. போன வருஷம் இதே மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவர் அவர். இன்னும் படங்கை எடுக்காமல் செடிக்கடியில் உட்கார்ந்திருந்தார். கை வெடவெடவென்று நடுங்கியது. "அக்கா, ஒண்ணுமில்லக்கா, மன்னிச்சிருங்க" என்று கையைப் பிடித்தேன். எனக்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

அன்று சாயந்தரம் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இனிமே ஓட்டம் கீட்டம்னு கெளம்புன, காலை ஒடிச்சிருவேன். உக்காந்து படிக்கிறவளுக்கு எதுக்குடி ஓட்டம்?"

எனக்கும் அவளுடைய ரத்தம்தானே ஓடுகிறது. பொத்துக்கொண்டு வந்தது. "உக்காந்து படிச்சுத்தான் பரீட்சையில தூங்கிட்டேன்! எழும்பிப் பாக்கிறப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. இப்ப ரிப்பீட் எழுதணும். தூக்கமே வருதில்ல, சாப்பாடு எறங்குதில்ல. ஓடச் சொன்னது டொக்டர்!" மறைத்து வைத்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா அடுப்பில் வெந்துகொண்டிருந்த ரொட்டியைத் திருப்பிப் போட மறந்து நின்றாள்.

"எத்தன நாளா தூங்கல?"

"ரொம்ப நாளா."

"மழைக்கு ஒதுங்கி நிக்கிறப்ப எல்லாம் நான் என்னா நெனச்சுக்குவேன் தெரியுமா? எம்மவ இந்நேரம் காஞ்ச எடத்துல இருப்பா, நல்லா சாப்பிட்டுத் தூங்குவான்னு. அத நெனச்சாத்தான்டி எனக்குக் குளிரே தெரியாது."

ரொட்டி கருகிய வாசம் வந்தது. யாருக்காகக் கண் விழித்துக் கிடந்தேனோ, அவள் நான் தூங்குவதை நினைத்துத்தான் குளிர் காய்ந்திருக்கிறாள். நான் ஓவென்று அழுதேன். அவளும் அழுதாள். ஆனால் ஓட்டத்துக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. "அவ கை நடுங்குனத பாத்தியா இல்லியா?" என்றாள். பார்த்தேன்.

இரண்டு நாள் ஓடவில்லை. இரண்டு நாளும் தூங்கவில்லை. பரீட்சை மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது. மூன்றாம் நாள் வேலை முடிந்து பக்கத்துக் காம்பரா அக்காவே எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"அம்மா எல்லாம் சொன்னிச்சு. சொவரு இருந்தாத்தான்டி சித்திரம் வரையலாம். நீ ஓடு."

"உங்களுக்குப் பயமா இருக்குமேக்கா."

"நீ வாயப் பொத்திக்கிட்டு ஓடுனாத்தான் பயம். ஒவ்வொரு வளைவுலயும் சும்மாதான்னு கத்திக்கிட்டு ஓடு. எங்களுக்குக் கேக்கணும், அவ்வளவுதான்."

மறுநாள் முதல் வளைவில் நின்று "சும்மாதான்" என்றேன். கோழிக்குஞ்சு கத்தியதுபோல இருந்தது. கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "கேக்கல!"

"சும்மாதான்!"

"கேக்கல!" இந்தத் தடவை நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். கங்காணிகூடக் குடையை ஆட்டினார். வந்தது வரட்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். "சும்மாதாஆஆன்!" எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. கீழே ஒரே சிரிப்பு. அடுத்த நாளிலிருந்து நக்கல் தொடங்கிவிட்டது. "யாரோடடி ஓடுற?" என்று கேட்பார்கள். "தனியாத்தான்!" என்பேன். "அப்ப அது ஓட்டமே இல்ல!" என்பார்கள். கத்திவிட்டு ஓடினால் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று வளைவுக்கு வளைவு கழன்று விழுந்தது. கடகடவென்று பசித்தது! கட்டச்சம்பலோடு மூன்று ரொட்டியை நான் உள்ளே தள்ளுவதை அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்பது மணிக்குப் படுத்தால் ஒன்பதேகாலுக்கு நான் இல்லை. முதல் ராத்திரி அப்படித் தூங்கியபோது, மூச்சு வருகிறதா என்று மூக்கில் கைவைத்துப் பார்த்தாளாம். மாதக்கணக்கில் முறைத்துப் பார்த்தும் விளங்காத ஒரு கணக்கு ஒரு மத்தியானம் படக்கென்று விளங்கியது. எழுந்து நின்று எனக்கு நானே கைதட்டினேன். இவ்வளவு லேசா! இதற்கா அவ்வளவு பிளேன்டீ குடித்தேன்?

ரிப்பீட் பரீட்சையைக் கண்ணை அகலத் திறந்துகொண்டு கடைசி நிமிஷம்வரை எழுதினேன். திரும்பி வரும் வழியில் ஹட்டன் தாண்டியது தெரியாது. டயகமவில் கண்டக்டர்தான் எழுப்பிவிட்டார். அந்தத் தூக்கத்துக்கு மட்டும் நான் வெட்கப்படவில்லை.

முடிவு அடுத்த லீவில்தான் வந்தது. எங்கள் தோட்டத்தில் பிள்ளையார் கோயில் வளைவில் மட்டும்தான் போனுக்கு சிக்னல் பிடிக்கும். காலை ஓட்டத்தில் அங்கே நின்று பார்த்தேன். ஒரு முறை பார்த்தேன், கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன். பாஸ்! சும்மா பாஸ் இல்லை, பி பிளஸ்! பிள்ளையாருக்கு ஒரு தோப்புக்கரணம்கூடப் போடவில்லை. திரும்பினேன், ஓடினேன். அம்மா அன்றும் அஞ்சாம் நம்பரில்தான் நின்றாள். ஒரு வளைவு போனது, இரண்டாவது போனது, மூன்றாவதும் போனது. கத்த வேண்டும் என்ற நினைப்பே எனக்கில்லை.

கீழே கைகள் நின்றுவிட்டன. இருபது தலைகளும் என்னைப் பார்த்தன. ஆனால் ஒருவரும் ஓடவில்லை. பக்கத்துக் காம்பரா அக்காதான் முதலில் குரல் கொடுத்தார். "என்னடி, இன்னிக்கு ஊமையா? கேக்கல!" அவர் குரலில் நடுக்கமே இல்லை.

ஒரே ஒரு கூடை மட்டும் கீழே விழுந்தது. அம்மா ஏறி ஓடி வந்துகொண்டிருந்தாள். முழங்கால் வலி என்று படி ஏறவே முனகுகிறவள், படங்கைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு செடிகளைப் பிளந்துகொண்டு வந்தாள். ரோட்டில் ஏறி என்னை அப்படியே மூடினாள்.

"எங்கடி கொட்டுச்சு? எங்க? காட்டு!"

"அம்மா... பாஸ்" என்றேன். மூச்சு வாங்கியதில் அதற்கு மேல் வரவில்லை.

"என்னாது?"

"பாஸ்ம்மா! பாஸ் பண்ணிட்டேன்!"

படங்கு அவள் கையிலிருந்து நழுவியது. நெற்றியில் வேர்வை, மூச்சு புஸ்புஸ்ஸென்று வந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கீழேயிருந்து கங்காணி குடையை அரைவாசி விரித்தபடி சத்தம் போட்டார். "ஏம்மா, அங்க என்னா ஓட்டம்?"

குளவியோ பஸ்ஸோ இல்லாமல் வாழ்நாளில் ஓடியறியாதவள் என் அம்மா. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அன்றும் ஓடி வந்தாள். அவள் மலையைப் பார்த்துத் திரும்பினாள். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மாதான்" என்றாள்.

கோழிக்குஞ்சுக் குரல்தான். மலை முழுக்கச் சேர்ந்து பதில் சொன்னது. "கேக்கல!"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.