குறை சொல்லப் போன அன்னக்கொடி

சமயநல்லூரில் அன்னக்கொடியின் மாவு மில்லுக்குப் போகிறவர்கள் மிளகாய் நெடிக்கும் அவள் பேச்சுக்கும் தயாராகத்தான் போவார்கள். மிஷின் இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றி, மல்லி அரைக்க வந்தவளிடம் அவள் மருமகளைப் பற்றியும், கோதுமை கொண்டுவந்தவரிடம் அவருடைய சர்க்கரை வியாதியைப் பற்றியும் விசாரித்து முடித்துவிடுவாள். மில்லுக்குள் எவ்வளவு கத்தினாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்தால்தான் சிக்கல்.

வீட்டில் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் போதும், புருஷன் சின்னச்சாமி சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்குவார்.

“மாத்திரை போட்டியா?”

சீரியல் பார்த்து அழுதாலும் அதே கேள்வி. குப்பையை இவள் வாசலில் தள்ளிய பக்கத்து வீட்டுக்காரியிடம் சண்டைக்குப் போனாலும் அதே கேள்வி. ஒரு நாள் சாம்பாரில் உப்பு தூக்கலாகிவிட்டது. மகள் தாமரைச்செல்வி ஒரு வாய் வைத்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு மெதுவாக அப்பாவைப் பார்த்தாள். “உப்புதான்டி கூடிப்போச்சு, எனக்கு ஒன்னும் கூடல” என்று அன்னக்கொடி கரண்டியோடு எழுந்துவிட்டாள்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கோடையில் அவளுக்குத் தூக்கம் நின்றுபோனது. தூக்கம் போன இடத்தில் சந்தோஷம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊரார் அரைக்கக் கொடுத்த மாவையெல்லாம் ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாரிக் கொடுத்தாள். சிம்மக்கல் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, “இன்னைக்கு யாரும் டிக்கெட் எடுக்க வேணாம், நான் சொல்லிட்டேன்” என்று அறிவித்தாள். பாதி பஸ் நம்பிவிட்டது. கண்டக்டருக்குத்தான் அன்றைக்குப் பெரும்பாடு. அந்தக் கதையை அவளே சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்ததை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. டாக்டர்கள் அந்த வியாதிக்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள். அவள் “ஏறி எறங்குற வியாதி” என்று சுருக்கிக்கொண்டாள். மதுரையில் ஒரு மனநலப் பிரிவுக்கு மாத்திரைக்காக மாதாமாதம் போய் வருவதில் இன்றுவரை தவறியதில்லை.

அப்படிப் போன ஒரு நாளில்தான் அங்கே வேலை பார்க்கும் வர்ஷினி என்ற பெண் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அக்கா, வர்ற சனிக்கிழமை கே.கே. நகர்ல ஒரு கூட்டம். நம்ம பிரிவுல வைத்தியம் பாக்குற முறைய எப்படி நல்லாக்கலாம்னு உங்களக் கேக்கப் போறோம்.”

அன்னக்கொடி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

“எங்களயா?”

“ஆமாக்கா. நீங்கதான வந்து போறீங்க. மனசுல உள்ளத அப்படியே பேசணும்.”

இத்தனை வருஷமாகப் பேச்சைக் குறை, பேச்சைக் குறை என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது நம்புகிற மாதிரி இல்லை. துணைக்கு வந்திருந்த சின்னச்சாமியும் நம்பவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது சொன்னார். “இது டெஸ்ட்டு. நீ அம்புட்டையும் கொட்டுனேன்னு வையி, வியாதி கூடிருச்சுன்னு எழுதிருவாங்க. கேட்டா நல்லாருக்குன்னு மட்டும் சொல்லு.”

சனிக்கிழமை போனால், மண்டபத்து வாசலில் பெரிய பேனர். ‘உங்கள் குரல், எங்கள் செவி’ என்று எழுதி, பக்கத்தில் ஓர் ஆள் உயரத்துக்குக் காது படம் போட்டிருந்தது. வந்தவர்களில் சிலர் இது காது வைத்தியம் என்று திரும்பிப் போகப் பார்த்தார்கள். வர்ஷினி ஓடி ஓடிப் பிடித்து வந்தாள்.

மேடையில் டாக்டர் பத்ரி. நல்ல மனுஷன், ஆனால் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். நோயாளிகள் பேசுவது எவ்வளவு முக்கியம் என்பதைப் பற்றி, வடை ஆறி டீயில் ஆடை படிகிறவரைக்கும் அவரே பேசினார். பிறகு, “இப்ப நீங்க சொல்லுங்க. என்ன குறை இருந்தாலும் தயங்காம சொல்லுங்க” என்றார்.

“குறையே இல்ல சார்” என்றார் முன்வரிசைக்காரர்.

“எல்லாம் நல்லாருக்கு சார்” என்றார் அடுத்தவர். வரிசையாக எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒர்க்‌ஷாப் மெக்கானிக் மருது வாயையே திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். கூட வந்தவர்கள்தான் எழுந்து எழுந்து பேசினார்கள். இவன் குளிக்க மாட்டேங்கிறான், இவள் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை என்று ஒரே புகார். சின்னச்சாமியும் எழுந்தார். “டாக்டர், இவ கொஞ்சம் பேச்சு ஜாஸ்தி.”

அன்னக்கொடிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

“சார், ஒன்னு கேக்கவா? இங்க குறை சொன்னா மாத்திரையக் கூட்டிருவீங்களா?”

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை வரிசையாகப் பரவியது. பத்ரிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. “இங்க பேசுறதுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்ல” என்றார்.

சிம்மக்கல்லிலிருந்து வந்திருந்த ஹாலாஸ்யம் எழுந்தார். ரிடையரான தபால் ஆபீஸ்காரர். “மீனாட்சி மேல சத்தியம் பண்ணுங்கோ.”

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு வழியில்லாமல் சத்தியம் செய்தார்.

“கூட வந்தவங்களயும் வெளிய அனுப்புங்க சார். அவுக பேச எங்க வீடு இருக்கு” என்றாள் அன்னக்கொடி. சின்னச்சாமி அவளை முறைத்துக்கொண்டே போனார்.

கதவைச் சாத்தியதுதான் தாமதம், மடை திறந்துகொண்டது. ஹாலாஸ்யம் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். “போன மாசம் வெள்ளை, இந்த மாசம் ரோஸ். நான் மாறிட்டேனா, கம்பெனி மாறிடுத்தா? யாராவது சொல்லணுமோன்னோ?”

அன்னக்கொடி அவரை உட்காரச் சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். “ஆள் கூப்புடுறவரு ஊரையும் சேத்து ஏலம் போடுறாரு சார். அன்னைக்கு ‘சமயநல்லூர் அன்னக்கொடி’ன்னு கத்துறாரு. எங்க மகளப் பொண்ணு கேட்டு வந்தவுக பக்கத்து வரிசையில கண்ணு டாக்டரப் பாக்க நிக்கிறாக. நான் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு, மாத்திரையே வாங்காமத் திரும்பிட்டேன். இன்னொன்னு. நான் எப்படி இருக்கேன்னு எங்க வீட்டுக்காரர்ட்ட கேக்குறீங்க. அவரு எப்படி இருக்காருன்னு எங்கிட்ட என்னைக்காச்சும் கேட்டிருக்கீங்களா?”

கைதட்டல் விழுந்தது. அந்த வேகத்தில், சத்தம் போடுகிறவர்களை முதலில் பார்த்து அனுப்பிவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாகக் காத்திருக்கலாம் என்று ஒரு யோசனையும் சொன்னாள். “அப்பறம் எல்லாருமே சத்தம் போடுவாளே” என்றார் ஹாலாஸ்யம். அதுவும் சரிதான் என்று வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

குறைகள் கூடக் கூட டாக்டர் முகம் சிவந்தது. “கூட்டத்தப் பாத்தீங்களா? நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்? காலையில சாப்பிடக்கூட...” குரல் ஏறிக்கொண்டே போனது. மைக் கீச்சிட்டது.

அதுவரை பேசாதிருந்த மருது எழுந்து வந்தான். தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

“தண்ணி குடிங்க சார். மூச்ச மெதுவா விடுங்க. நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்ததுதான்.”

பத்ரி குடித்தார். கண்ணை மூடி மூச்சை விட்டார். மண்டபமே அவரோடு சேர்ந்து மூச்சை விட்டது. “நல்லாத்தான்யா இருக்கு” என்று அவர் சொன்னபோது எழுந்த சிரிப்பில், வெளியே டீக்கடையில் நின்றவர்கள் உள்ளே என்னமோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தார்கள்.

அவர்களும் சும்மா நிற்கவில்லை. துரத்திவிட்ட கோபத்தில் டீக்கடையிலேயே தனிக்கூட்டம் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சின்னச்சாமி கேட்டார்.

“உள்ள என்னயப் பத்திச் சொன்னியா?”

“சொன்னேன்.”

“நானும் வெளிய சொன்னேன்.”

“என்னன்னு?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நீ சிரிச்சா எனக்குப் பயமா இருக்குன்னு. மறுபடியும் அந்த மாதிரி ஆயிருமோன்னு.”

அன்னக்கொடி அவர் தோளைத் தொட்டுத் திருப்பினாள். “பயமா? நான் என்னயப் பிடிக்கலைன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றாள். பஸ் பாத்திமா காலேஜ் தாண்டுவதற்குள் ஒரு ஒப்பந்தம் ஆனது. சிரிப்புக்கும் சண்டைக்கும் கேள்வி கிடையாது. தூக்கம் கெட்டால் கேட்கலாம்.

மனநலப் பிரிவிலும் மாற்றம் வந்தது, வந்த விதம்தான் கோளாறு. பெயரையும் ஊரையும் சொல்லிக் கூப்பிடுவதற்குப் பதிலாக ஆளுக்கொரு பூப்பெயர் எழுதிய டோக்கன் கொடுத்தார்கள். ஹாலாஸ்யத்துக்குக் கனகாம்பரம் வந்தது. எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அன்னக்கொடியோடு துணைக்குப் போன தாமரைச்செல்வியோ, “தாமரை!” என்று கூப்பிட்டதும் தன்னைத்தான் என்று உள்ளே போய், சட்டைக்கையை ஏற்றிவிடச் சொன்ன பிறகுதான் ஊசி போடும் அறை என்று தெரிந்து அலறிக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்த கூட்டத்தில் பூவா, பழமா, நம்பரா என்று நெடுநேரம் வாதாடி நம்பருக்கு வந்தார்கள். டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க” என்று கேட்கவும் ஆரம்பித்தார்கள். ஹாலாஸ்யத்திடம் அப்படிக் கேட்டவர்கள் பிறகு வருத்தப்பட்டார்கள்.

அடுத்த ஐப்பசி மழையில் அன்னக்கொடிக்கு மறுபடி தூக்கம் கெட்டது. சின்னச்சாமி கேட்டார், அவளும் மறைக்கவில்லை. இந்தத் தடவை மாவை யாருக்கும் வாரிக் கொடுப்பதற்கு முன்னாலேயே வார்டில் சேர்ந்துவிட்டாள். சில வாரம் இருந்து திரும்பினாள். மில்லில் மிஷின் ஓடியது, அவள் வாய் ஓடவில்லை. கூட்டத்துக்குப் போய் அம்புட்டுப் பேசினவளுக்கே இப்படி ஆகிவிட்டதே என்று வெட்கம். இனி அங்கே எந்த முகத்தோடு போவது?

வர்ஷினி போன் செய்தாள். “அக்கா, நாளைக்குக் கூட்டம். வாரீங்களா?”

“எனக்குத்தான் திருப்பி வந்திருச்சேம்மா. இனிமே நான் என்னத்தச் சொல்ல?”

“நாம இதுவரைக்கும் வெளிய காத்திருக்கிறதப் பத்தியேதான் பேசியிருக்கோம். வார்டப் பத்தி ஒருத்தரும் பேசலக்கா. அங்க சமீபத்துல இருந்துட்டு வந்தவங்க நீங்கதான்.”

அன்னக்கொடி யோசித்தாள். வார்டில் கொடுத்த ரசம் நினைவுக்கு வந்தது. விடிய விடியக் கண்ணுக்கு நேரே எரிந்த டியூப் லைட் நினைவுக்கு வந்தது. பூட்ட முடியாத பாத்ரூம் கதவு நினைவுக்கு வந்தது. கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு, இவள் குளித்து முடிக்கிறவரை பாடிக்கொண்டே நின்ற பக்கத்துக் கட்டில்காரியும் நினைவுக்கு வந்தாள்.

“டாக்டர் பத்ரி வருவாரா?”

“வருவார்க்கா.”

“அப்ப அவரக் காலையில சாப்புட்டு வரச் சொல்லு” என்றாள் அன்னக்கொடி. “பேச நெறைய இருக்கு.”