இரண்டு பக்கமும் செருப்பு

"படத்தக் காட்டுனா எழுத்த எவன் பாப்பான் டீச்சர்? இது பள்ளிக்கூடமா, சினிமாக் கொட்டாயா?" என்றார் தலைமையாசிரியர்.

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு மறு வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காஜா பெராங் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு ஆசிரியை. வெறும் படங்களால் ஒரு புத்தகம் போடப்போகிறேன் என்றதற்குத்தான் அப்படிக் கேட்டார். இன்னும் எழுத்தே தெரியாத பிள்ளைகளுக்கு வேறு எதைக் காட்டுவது?

சொல்ல வேண்டியது ஒன்றுதான். என் தம்பி கிளேபாங் கடலில் மூழ்கிச் செத்தான். லீவு விட்டால் என் வகுப்புப் பிள்ளைகளும் அங்கேதான் ஓடுவார்கள். அதனால் வரைந்தேன். வீட்டு வாசலில் பையன். மணலில் செருப்பைக் கழற்றுகிறான். முழங்கால்வரை தண்ணீர், பிறகு கழுத்துவரை. தாளுக்குத் தாள் கடல்மட்டத்தை உயர்த்தினேன். கடைசித் தாளில் ஆளில்லாத கடல், கரையில் செருப்பு. வார்த்தை ஒன்றுகூட இல்லை.

அச்சாகி வந்த பிரதிகளை வகுப்பில் கொடுத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"டீச்சர், தண்ணிக்குள்ளேருந்து எந்திரிச்சு வூட்டுக்கு வந்துட்டான்!"

"லீவுக்கு நாங்களும் போறோம் டீச்சர்!"

வாங்கிப் பார்த்தேன். தையல் வலது ஓரத்தில் இருந்தது. நாம் வழக்கமாகப் புரட்டுகிறபடி புரட்டினால் கதை பின்னாலிருந்து ஓடியது.

"வலமிருந்து படிக்கிற ஜாவி கித்தாப்பெல்லாம் வலப்பக்கந்தானே தைப்போம். கை அப்படியே போயிருச்சு தங்கச்சி," என்றார் அச்சகத்தில் பைண்டிங் செய்த முஸ்லிம் பெரியவர் காக்கா. மேலட்டையில் நான் எதுவும் போட்டிருக்கவில்லை. அவருக்கு எது முன், எது பின் என்று எப்படித் தெரியும்?

வீட்டில் ஒரு பிரதி அம்மாவின் கையில் இருந்தது. புரட்டிக்கொண்டே, "தம்பி வர்றான் பாரு," என்றாள்.

"அது தப்பாத் தச்சதும்மா."

"படிச்சவ நீ. எனக்கு இப்படியே இருக்கட்டும்."

அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

தையலை மாற்றினால் மட்டும் போதாது. சின்னப் பிள்ளைகள் எந்தப் பக்கமும் திறப்பார்கள். கடைசிப் படத்தை இன்னொரு முறை வரைந்து முதல் தாளாகவும் வைத்தேன். இனி எப்படித் திறந்தாலும் முடிவில் செருப்புதான்.

இன்று காலை புதிய தாள்களை அச்சகத்தில் கொடுத்தேன். பழைய பிரதிகளையும் கிழித்துப்போடச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். தலையணைக்கு அடியில் இருந்ததும் அவற்றில் ஒன்று.