நெகிஷி-சான் நட்ட மின்கம்பம்

தகாசாகி நகரில், பாட்டுக் கேட்பதற்காகத் தன் வீட்டு வாசலில் தனியாக ஒரு மின்கம்பம் நட்டுக்கொண்ட புண்ணியவான் நெகிஷி மசாயோஷி. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதருக்குத் தன் வீட்டு ஸ்பீக்கரில் எவ்வளவு சத்தம் ஏறும் என்று மட்டும் தெரியவில்லை.

அவரிடம் இருந்தது, பழைய ரேடியோவில் இருக்குமே அந்தக் கண்ணாடி வால்வு வைத்து அவரே பற்றவைத்துச் செய்த ஆம்ப்ளிஃபயர். இடது, வலது ஸ்பீக்கருக்குத் தலா ஒரே ஒரு பெரிய வால்வு. மொத்தச் சக்தி எட்டு வாட். குறை சொல்ல முடியாத வேலைப்பாடு. அதற்கு ஏற்றது, கொஞ்சம் ஊதினாலே முழங்கும் பழைய பெரிய கூம்பு ஸ்பீக்கர். மாதம் ஒருவர் வீட்டில் கூடிப் பாட்டுக் கேட்கும் எங்கள் சங்கத்தில் மற்ற ஐந்து பேர் வீட்டிலும் அதுதான் இருக்கிறது. இவரோ பத்திரிகையில் படம் பார்த்து மயங்கி, இடுப்பளவு உயரத்தில் இரண்டு கனத்த பெட்டிகளை வாங்கினார். அகிஹாபாரா மின்சாதனக் கடைத்தெருவில் கடைக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டாராம்: "ஐயா, இது கரண்டை விழுங்குற ஜாதி. நூறு வாட்டாவது வேணும். உங்க வால்வு மூச்சு வாங்கிச் செத்துடும்." இவர் கேட்டால்தானே!

விளைவு, புல்லாங்குழல் வரை பெட்டிகள் பேசும். முரசு அடித்தால் ஈரத் துணியில் அடித்தது போலப் பொத்தென்று விழும். உடனே இவர் முரசு உள்ள இசைத்தட்டுகளை எல்லாம் அலமாரியின் அடியில் தள்ளிவிட்டு, "வயசானா ரசனை மெல்லிசா ஆயிடுது" என்று எங்களிடம் தத்துவம் பேசினார். அதற்கும் தலையாட்டினோம், வெட்கங்கெட்டவர்கள்.

எங்கள் சங்கத்தின் வழக்கம் அப்படி. யார் வீட்டுச் சத்தத்தையும் மோசம் என்று சொல்வதில்லை. நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்போம். சகிக்கவில்லை என்றால், "இது உங்களுக்கே உரிய சத்தம்" என்று சொல்லிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொள்வோம். அதைப் பாராட்டு என்று நம்புவதற்கு ஒரு தனி முட்டாள்தனம் வேண்டும். நெகிஷிக்கு அது நிறையவே இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அவர் மனைவி பெயர் ஃபுமியே. சமுதாயக் கூடத்தில் பெண்களுக்குக் கிமோனோ உடுத்தக் கற்றுக்கொடுப்பவர். இருபது வருட வகுப்பு. மார்ச் மாதத்தோடு அந்தக் கூடத்தை இடிக்கப் போகிறார்கள். வேறு இடம் கிடைக்கவில்லை. வீட்டில் பெரிய அறை ஒன்றுதான். அதில் இந்தப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன.

"அந்த அறைய எனக்குக் குடுத்துடுங்க. இல்லைன்னா வகுப்பையே மூட வேண்டியதுதான்," என்று எங்கள் எதிரிலேயே கேட்டார்.

"கொஞ்சம் பொறு. ஊரோட பங்கு போடுற வெளிக் கரண்டுல அழுக்கு இருக்கு. சொந்தக் கம்பம் வந்துட்டா சத்தம் தானா திறந்துக்கும்."

"சரி. கம்பம் நட்டதும் இவங்க அஞ்சு பேரும் கேக்கட்டும். நல்லா இருக்குன்னு சொன்னா அறை உங்களுது. இல்லைன்னா என்னுது. பேச்சு மாறக் கூடாது."

நெகிஷி சரி என்றார்.

கம்பம் வந்தது. அண்டை வீடுகளுக்கு இனிப்புப் பெட்டியோடு போய், தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு வணங்கிவிட்டு வந்தார். பிப்ரவரி மாத ஞாயிறு மதியம் நாங்கள் ஐவரும் வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்தோம். ஆச்சரியமாக, அன்றைக்கு அவர் எடுத்தது அலமாரியின் அடியில் கிடந்த தட்டு. முழு வாத்தியக் குழு, முரசு உட்பட.

முரசு வந்தது. பொத். வயலின்கள் எல்லாம் ஒன்றோடொன்று நசுங்கிக் கரகரத்தன. கம்பமாவது, மண்ணாங்கட்டியாவது! நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம்.

தட்டு நின்றதும் ஃபுமியே எங்கள் முன் வந்து உட்கார்ந்தார். "நல்லா இருக்கா, இல்லையா?"

"நெகிஷி-சானுக்கே உரிய சத்தம்," என்றார் முதல் ஆள். அடுத்தவரும் அதையே சொன்னார். நான்கு பேரும் அதையே சொன்னார்கள். கடைசியில் என் முறை. ஃபுமியே என் பக்கம் திரும்பினார்.

"இகாரி-சான், நீங்க பள்ளிக்கூடத்துல சங்கீதம் சொல்லிக்குடுத்தவரு. அப்போ நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாமா?"

அவருடைய விரல்கள் மடியில் இறுகியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், "ஆமாங்க, நல்லா இருக்கு," என்றேன்.

அவர் நெற்றி பாயில் படக் குனிந்து, "ரொம்ப நன்றி. அறை அவருதுதான்," என்று சொல்லி உள்ளே போனார்.

மற்றவர்கள் போன பிறகு நெகிஷி என்னோடு வாசலுக்கு வந்தார். புதுக் கம்பத்தின் கீழே நின்றார்.

"முரசு கேட்டுச்சா உங்களுக்கு?"

நான் கம்பத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"எனக்கும் கேக்கலை. வாங்கின மாசமே தெரியும். அதான் இன்னைக்கு அந்தத் தட்டைப் போட்டேன். யாராச்சும் ஒருத்தர் இல்லைன்னு சொல்லியிருந்தா அறைய அவளுக்குக் குடுத்திருப்பேன். இத்தனை ஆட்டம் ஆடிட்டு என் வாயால எப்படிங்க சொல்றது? இப்பவாச்சும் வந்து அவகிட்ட சொல்றீங்களா?"

திரும்பிப் போக நாற்பது அடி கூட இல்லை. அடுத்த மாதம் கூட்டம் என் வீட்டில். இவரும் மற்ற நால்வரும் வந்து என் ஸ்பீக்கர் முன் உட்கார்ந்து கருத்துச் சொல்வார்கள். அதுதான் என் நினைவுக்கு வந்தது.

"உங்களுக்கே உரிய சத்தம் அது, நெகிஷி-சான்," என்று குனிந்து வணங்கிவிட்டு நடந்தேன்.