நோட்டில் விட்டுப்போன கட்டம்

துர்க்கையைக் கரைத்த மறுநாள் கல்கத்தாவில் எங்கள் பாலிகஞ்ச் முழுக்க ஒரே வாசனைதான்... தேங்காயும் வெல்லமும் கிளறுகிற வாசனை. வீட்டுக்கு வீடு போய்ப் பெரியவர்களை நமஸ்கரிக்கிற விஜயா பண்டிகை வந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம். என் வீட்டுக்காரருக்கு ஐந்து நாளாக டெங்கு ஜுரம். நாலு மணி நேரத்துக்கொரு தரம் தெர்மாமீட்டர் வைத்து, நேரம் போட்டு நோட்டில் எழுதி வந்தேன்.

விஜயாவன்று காலை தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.

முருகா, காப்பாற்றினாய் என்று அடியில் கோடு போட்டு முடித்து, சர்க்கரைப் பொங்கல் நைவேத்யம் செய்தேன். இவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஐந்து நாள் அசதி என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் மாடி வீட்டு மிட்டு வந்தாள். ஒரு நர்சிங் ஹோமில் ஐ.சி.யு. நர்ஸ். இவர் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"காகு, பா எத்தோ டாண்டா கேனோ?"

சித்தப்பா, கால் ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது என்று கேட்கிறாள். ஜுரம் விட்டுவிட்டதே, அப்படித்தானே இருக்கும் என்றேன் பெருமையாக. அவள் இவர் விரல் நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்தாள். வெளுத்த நகம் சிவக்க வெகுநேரம் ஆயிற்று. நாடி பிடித்தாள். கடைசியாக எப்போது யூரின் போனார் என்று என்னைக் கேட்டாள்.

நோட்டைப் புரட்டினேன். அதற்கு நான் கட்டமே போடவில்லை...

அரைமணியில் டாக்சி பிடித்து அவள் வேலை செய்யும் இடத்துக்கே போனோம். பி.பி. நூறுக்கு எண்பத்தெட்டு.

"நூறு இருக்கே, எதுக்கு இவ்வளவு களேபரம்?" என்றார் இவர், ஈனஸ்வரத்தில்.

மேல் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டுக்கும் நடுவே இருபதுகூட இல்லை, இதுதான் ஷாக் என்றார் டாக்டர். ஷாக் என்றால் கரண்ட் அடிப்பது என்றுதான் எனக்குத் தெரியும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, உடம்புக்கு ரத்தம் போதாமல் போவதும் ஷாக்காம். டெங்குவில் ஜுரம் விடுகிற சமயத்தில்தான் வருமாம். தாமதித்திருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

சலைன் ஏறியது. நான் மானிட்டரின் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு முருகன் பேரை முணுமுணுத்தேன். திரையை விடுங்கள் காகிமா, கட்டிலுக்கடியில் தொங்கும் யூரின் பையைப் பாருங்கள் என்றாள் மிட்டு. மணிக்கு எத்தனை எம்.எல். என்று அங்கேயும் ஒரு தாளில் எழுதினார்கள். பத்து... பதினைந்து... மறுநாள் காலை நாற்பது.

மூத்திரத்துக்காக முருகனுக்குத் தேங்காய் உடைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது மிட்டு துபாயில். விஜயாவுக்குப் போனில் பூப்படம் வருகிறது. நாடி, தூக்கம், நடை எல்லாவற்றையும் இவர் கைக்கடிகாரமே சொல்கிறது. மாடியிலிருந்து இறங்கி வர ஆள்தான் இல்லை.

போன வாரம் புனேயிலிருந்து மகள் கூப்பிட்டாள். அவளுக்கும் டெங்கு.

"ஜுரம் விட்டுடுத்தும்மா. இனிமே கவலைப்படாதே."

"இனிமேதான்டி கவலை. ஒண்ணுக்குப் போனியா?"

"அம்மா... ஸ்பீக்கர்ல இருக்கே. மாமியார் பக்கத்துல இருக்கா."

"இருக்கட்டும். காலைலேர்ந்து எத்தனை தரம்னு சொல்லு."