அம்மா குடிக்காத தண்ணீர்

ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்துதான் அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. சென்னையில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் அதற்குக் கைக்காசு போகவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மாத்திரை, வாக்கர் எல்லாவற்றையும் பற்றிச் சொல்லிவிட்டு, "தண்ணி நிறைய குடுங்க" என்றார். தண்ணீருக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பத்து மூன்று வயதில் இனிமேலும் ஆகும் என்று அம்மா மட்டும் நம்பிக்கொண்டிருந்தாள். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் எனக்கு கான்ட்ராக்ட் வேலை. காலை ஐந்தரைக்கு கம்பெனி பஸ் வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா தினமும் பத்து மணிக்கு வந்து, அம்மாவுக்கு பெட்பேன் வைத்து, உடம்பு துடைத்து, சோறு கொடுத்துவிட்டுப் போவாள். சாயங்காலத்திலிருந்து விடியும்வரை என் பொறுப்பு.

முதல் நாள் சாயங்காலம் நான் பெட்பேனை எடுத்துக்கொண்டு போனேன். காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள், யாரையும் வாய்க்கு வந்தபடி பேசக்கூடியவள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்த பிறகும் வெகுநேரம் அதை எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து "வேணுமாம்மா?" என்று கேட்டால், "வரலடா" என்பாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

பதினோராம் நாள் வேலை முடிந்து வந்தால் அவள் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. என்னைத் தன் அண்ணன் என்று நினைத்து, மாட்டைப் பிடித்துக் கட்டச் சொன்னாள். மறுபடி அதே ஆஸ்பத்திரி. சிறுநீரில் கிருமி, உடம்பில் தண்ணீரே இல்லை என்றார் டாக்டர். "வீட்ல என்னதான் பண்ணீங்க?" என்று கேட்டார்.

கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் அட்டையை நீட்டினேன்.

"ஆபரேஷனுக்குத்தான் சார் இது. காய்ச்சலுக்கு நீங்கதான் கட்டணும்."

"இடுப்பு ஒடைஞ்சதாலதானே மேடம் காய்ச்சலே வந்துச்சு?"

"கம்ப்யூட்டர் எடுக்கலையே" என்றார் அந்தப் பெண். கம்ப்யூட்டரோடு யார் சண்டை போடுவது? ஒழுகும் கூரையை மாற்ற வைத்திருந்த பணம் அங்கேயே கரைந்தது. இதற்குள் கான்ட்ராக்டர் போன் செய்து, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

காய்ச்சல் விட்டு அம்மாவுக்கு நினைவு தெளிந்ததும் முதலில் சண்டைதான் போட்டேன்.

"ஏம்மா தண்ணி குடிக்கல?"

"குடிச்சா வரும். வந்தா நீ தூக்குவ" என்றாள்.

"நான் உன் புள்ளதானம்மா?"

"அதான்டா."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தேன். இன்னொரு தடவை இப்படி ஆனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் டம்ளரை அம்மாவின் வாயருகே பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். பிறகு கத்தினேன். கடைசியில் அழுதே விட்டேன். அம்மா என் கன்னத்தைத் துடைத்தாள்.

"பக்கத்து ஊட்டுக்காரி எப்ப வருவா?"

"நாளைக்குப் பத்து மணிக்கும்மா."

"அவ வந்தப்புறம் குடிக்கிறேன். அழுதுகினு நிக்காத, போய்த் துன்னுட்டுப் படு. காலைல உனக்கு பஸ்ஸு வந்துரும்."