ஆறிய கறியும் சூடான காபியும்

ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி, தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு இன்று அன்னூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

தோட்டத்து வரப்பை என் பக்கம் தள்ளிப் போட்டவன் அவன். தப்பு அவனுடையதுதான். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

முகம் கொடுக்காமல் ஒதுக்குவதை ஆங்கிலத்தில் 'கோல்டு ஷோல்டர்', அதாவது ஆறிய தோள், காட்டுவது என்பார்கள். வேண்டாத விருந்தாளிக்கு ஆறிப்போன ஆட்டுத் தோள்கறியை வைத்து, கிளம்பு என்று உணர்த்துவார்களாம். அது வெறும் கதை என்பவர்களும் உண்டு. நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது.

உள்ளே போய் மனைவியிடம், "அவனுக்குக் காபி வேண்டாம்" என்றேன்.

"ஏனுங்க, பத்திரிகை கொண்டாந்தவங்களை வெறும் வாயோட அனுப்பறதா? நீங்க பேசாட்டிப் போங்க" என்று சொல்லி, ஆவி பறக்கக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தம்பி சொன்னான்: "அண்ணா, மண்டப வாசல்ல எங்கூட நீங்களும் நின்னு எல்லாரையும் வாங்கன்னு கூப்புடோணுங்க. நீங்க இல்லாட்டி நல்லா இருக்காதுங்க."

பத்திரிகையை வாங்கிக்கொண்டேன்.

வாசலில் நிற்பேன். வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்பேன். அவனோடு பேசமாட்டேன்.

பக்கத்தில் நிற்பவனோடு ஒரு வார்த்தை பேசாமல் அரை நாள் எப்படி நிற்பது என்று, அனுபவப்பட்டவர்கள் கீழே எழுதுங்கள்.